யன்னலடியில் நின்ற கழுதை

நோன்பு பிடிப்பவர்களுக்கும், நோயினால் நோன்பை விட்டுவிட்டு வெளியே முகம் காட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கும் என் ஸலாம்.

நான் எழுதப்போவது பெருமைப்படக்கூடிய அனுபவம் அல்ல. என் துஆ கபூலானது, அல்லாஹ் அதை ஏற்றுக்கொண்டான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது கபூலான விதத்தை நினைத்தால் இன்றைக்கும் என் முகம் சுடுகிறது. எழுதாமலே விட்டுவிடலாம் என்று பல மாதம் இழுத்தடித்தேன். கடைசியில் என் மனைவி பௌசியாவிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா என்னைப் பெரிய அவுலியா மாதிரி எழுதிப்போடாதீங்க" என்றாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என்னைத் தெரிந்தவர்கள் சைக்கிள் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தது மன்னார்ப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில் ஓர் ஓலைக் கொட்டிலில் வந்து விழுந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு கற்பிட்டி வீதியோரத்தில் ஒரு சைக்கிள் கடை போட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அதுதான் தொழில். கதிரையில் இருந்து செய்கிற வேலை அல்ல அது. காலையிலிருந்து பின்னேரம் அஸர் வரைக்கும் சக்கரத்துக்கு முன்னால் குந்திக்கொண்டு இருக்க வேண்டும். வலது முழங்கால் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் மலசலகூடத்துக்குப் போய்விட்டு எழும்புவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டிய நிலை வந்தது. எலும்போடு எலும்பு உரசுகிறது, மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்றார் டொக்டர்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து நான் ஒரு நோன்பையும் விட்டதில்லை. காய்ச்சலோடு பிடித்திருக்கிறேன். அகதியாக வந்த முதல் ரமழானில், குடிக்கிற தண்ணீருக்கே பவுசர் லொறியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கொட்டிலுக்குள் வெந்துகொண்டு பிடித்திருக்கிறேன். அல்லாஹ்வுக்காகத்தான் பிடித்தேன். ஆனால் ஆட்களிடம் சொல்வதற்காகவும் பிடித்தேன். கடைக்கு வருகிறவன் "இண்டைக்கு வயிறு சரியில்ல நானா, நோன்பு இல்ல" என்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கையிலிருக்கிற, நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்துவிட்டு அவன் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பேன். அந்தப் பார்வைக்குப் பயந்தே சிலர் ரமழானில் வேறு கடைக்குச் சைக்கிளைக் கொண்டுபோனார்கள்.

போன வருடம் ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாத நடுப்பகுதியில் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். நோ தெரியவில்லை. ஆனால் காது கேட்கிறதே. திரைக்கு அந்தப் பக்கம் அறுக்கிற சத்தமும் சுத்தியலால் தட்டுகிற சத்தமும் கேட்டன. முப்பது வருடமாக என் கடையில் நான் எழுப்பிய சத்தம், இப்போது என் காலிலிருந்து வந்தது. "யா அல்லாஹ், என்னை இந்தக் கட்டிலில் இன்னொரு தடவை கிடத்தாதே" என்று அங்கேயே கேட்டேன். இந்தத் துஆவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாளே நடை பழக்குகிற வோக்கரைப் பிடிக்கச் சொல்லி எழுப்பி நிறுத்தினார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் பௌசியாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். நோக் குளிசையை, அதாவது வலி மாத்திரையை, நோ உச்சத்துக்கு ஏறிய பிறகு தேடக் கூடாது, காலை, மத்தியானம், இரவு என்று நேரத்துக்குக் குடித்துவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். குடித்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும். அதன் பிறகு துணியில் சுற்றிய ஐஸ் கொஞ்ச நேரம். படுக்கும்போது குதிக்காலுக்குக் கீழே தலையணை வைக்கலாம், முழங்காலுக்குக் கீழே வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் கால் அந்த வளைவிலேயே இறுகிவிடும் என்றார். புது மூட்டு மடங்கப் பழகுவது இந்த முதல் கிழமைகளில்தானாம்.

கடைசியாக, "ரமழான் வருது. நோன்பு பிடிக்க வேணாம், விளங்கிச்சா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர்" என்றேன். நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

மகள் வந்து பத்து நாள் நின்று பார்த்தாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தபடியால் பிறை காண முதல் போய்விட்டாள். மகன் கட்டாரில். வீட்டில் நானும் பௌசியாவும் மட்டும். அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது.

பிறை கண்ட செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது கட்டிலில் கிடந்தபடி கேட்டேன். ஊர் முழுக்க நோன்பு பிடிக்க, நான் மட்டும் பகலில் சோறு தின்று கொண்டிருப்பதா? ஐம்பது வருடத்துக்கு மேல் உடையாமல் வந்ததை ஒரு முழங்காலுக்காக உடைப்பதா? நோயாளி பிறகு பிடிக்கலாம் என்று அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாததல்ல. அது மற்ற நோயாளிகளுக்கு என்று எண்ணிக்கொண்டேன். விடிய முதல், ஸஹர் நேரத்தில் பௌசியா சமைக்கக் குசினிக்குப் போனதும், தலைமாட்டில் இருந்த பிஸ்கட்டில் நாலைத் தின்று, போத்தலில் இருந்த தண்ணீரைக் குடித்து, வாய்க்குள்ளேயே நோன்புக்கு நிய்யத் வைத்தேன்.

காலையில் அவள் பாணும் பருப்பும் கொண்டுவந்தாள், கூடவே குளிசையும். மத்தியானம் சோறு, மீன் ஆணம், ஒரு கீரை. அவள் நோன்பு. உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்காமல், எனக்காக அடுப்படியில் நின்று ஆக்கிய சோறு அது. "நோன்போட இருந்து சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்காத புள்ள. நீ போய் ஓது" என்று நான் அவளை அனுப்பிவிடுவேன். அவள் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டு போவாள். அவள் போனதும் சோற்றுக் கோப்பையை யன்னலுக்கு வெளியே கவிழ்த்துவிடுவேன். பகல் குளிசைகளைத் தலையணை உறைக்குள் தள்ளிவிடுவேன். இரவுச் சாப்பாட்டையும் இரவுக் குளிசையையும் மட்டும் ஒழுங்காக எடுப்பேன்.

எங்கள் பக்கத்தில் கழுதைகள் தாமாகவே திரிகிறவை என்பது இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நோன்பன்று ஒன்று வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருந்தது. ஐந்தாம் நோன்பிலிருந்து மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்துக்கு அது யன்னலடிக்கு வந்து நிற்கத் தொடங்கியது. பாணையும் சோற்றையும் அது தின்னும், மீனைப் பூனைகள் முடிக்கும். மணலில் ஒரு பருக்கை மிஞ்சாது. பௌசியா தும்புத்தடியோடு ஓடிப்போய் அதை விரட்டுவாள். "இந்தக் கழுதைக்கு எங்கட யன்னல்ல என்ன வேல?" என்று என்னிடம் கேட்பாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

"குளிசை?"

"குடிச்சிட்டன்."

ஒரு நாளைக்கு நாலு பொய். நோன்போடு. பொய் சொல்லிக்கொண்டு பட்டினி கிடப்பது நோன்பாகுமா என்று மதரஸாவுக்குப் போகிற சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கு உறைக்கவில்லை. பெருநாளன்று பள்ளி வாசலில் நாலு பேர் சுகம் விசாரிக்கும்போது, "ஒபரேஷன் செஞ்ச காலோட முப்பதும் பிடிச்சன், வீட்டுக்காரிக்கும் தெரியாது" என்று எப்படிச் சாதாரணமாகச் சொல்வது என்று கட்டிலில் கிடந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கால் பொய் சொல்லாதே. பகலில் குளிசை இல்லாமல் அந்த நோவைத் தாங்க ஏலாது. குதிக்காலைக் கட்டிலில் வழுக்கிக்கொண்டு முழங்காலை மடக்க வேண்டும். இரண்டு அங்குலம் இழுப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும். விட்டுவிடுவேன். நோ குறைகிறதே என்று முழங்காலுக்குக் கீழே தலையணையைச் செருகிக்கொள்வேன், அதே குளிசைத் தலையணையை. பௌசியா ஐஸ் கொண்டுவந்தால், "குளிர் தாங்க ஏலாது, கொண்டு போ" என்று எரிந்து விழுவேன். பசியில் இருப்பவனுக்குக் கோபம் வருவதைச் சொல்லவும் வேண்டுமா?

கிழமைக்கு இரண்டு நாள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போவோம். பயிற்சி தருகிற மிஸ் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தனக்குத் தெரிந்த தமிழில் பேசும். என் காலைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, மருந்து குடிச்சது தானே? குடிச்சா ஏன் இவ்வளவு நோவுது?" என்று கேட்டது. பௌசியா முந்திக்கொண்டு, "நேரத்துக்குக் குடிக்கிறார் மிஸ், நான் தானே குடுக்கிறன்" என்றாள்.

ஒன்பதாம் நோன்பு. லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்ய வோக்கரோடு எழும்பினேன். வாய் காய்ந்திருந்தது. தலை சுற்றி, கையிரண்டும் வோக்கரை விட்டு நழுவின. பின்னால் வந்த பௌசியா தன் இரண்டு கையாலும் என்னைத் தாங்கிப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவள் குனிந்து எழும்பும்போதெல்லாம் அல்லாஹ்வைக் கூப்பிடுவது என் காதில் விழும். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நோன்பில் மயக்கம் வந்தும் முறிக்கவில்லை என்ற திருப்திதான் எனக்குள் இருந்தது.

பன்னிரண்டாம் நோன்பன்று கொழும்பில் கிளினிக். ஸஹரோடு வாடகை வான் வண்டியில் புறப்பட்டுப் போனோம். டொக்டர் பாகை அளக்கிற பிளாஸ்டிக் கோலை என் முழங்காலோடு வைத்துப் பார்த்தார். அறுபது. தொண்ணூறைத் தொட்டிருக்க வேண்டுமாம். திரும்பவும் மடக்கிப் பார்த்தார். நான் கதறினேன்.

"மூன்று கிழமை தாறன். அதுக்குள்ள மடங்கலயெண்டா, உங்களத் திரும்ப மயக்கி நாங்களே மடக்க வேண்டி வரும்" என்றார். பிறகு பௌசியாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, வீட்டில ஒழுங்காப் பயிற்சி செய்ய வைக்கிறீங்களா? குளிசை நேரத்துக்குக் குடுக்கிறீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "குடுக்கிறன் டொக்டர்" என்றாள். பரீட்சையில் தவறிய பிள்ளையைப் போல நின்றாள். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். என் மனைவிமேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நான் கதிரையில் இருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் சுத்தியல் சத்தம்தான். திரும்பவும் அந்தக் கட்டில் என்ற பயம் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. வான் புத்தளம் வந்து சேரும்வரை, "யா அல்லாஹ், என்னைத் திரும்பக் கிடத்தாதே" என்று ஓதிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தது அஸருக்குப் பிறகு. என்னைக் கட்டிலில் சாய்த்துவிட்டு அவள் கஞ்சி காய்ச்சப் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். நான் உறங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். மஃரிப் பாங்குக்குச் சில நிமிடம் இருந்தது. நோன்பு திறக்கும் நேரத்துத் துஆ மறுக்கப்படாது என்று அவளுக்கு உறுதியான நம்பிக்கை. பக்கத்து அறையில் பாயில் இருந்துகொண்டு, தாழ்ந்த குரலில், தமிழில் கேட்டாள். எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு திரைச்சீலைதான்.

"யா அல்லாஹ், மனுஷன் நல்லாத்தான் சாப்பிடுறார். குளிசையும் ஒழுங்காக் குடிக்கிறார். பிறகும் ஏன் கால் மடங்குதில்ல? நான் ஆக்கிற சோத்தில குறையா? நான் பார்க்கிற பார்வையில குறையா? குறை என்னிலயெண்டா அதுக்கு அந்த மனுஷன வருத்தாத, ரப்பே. என்ன எடுத்துக்கொள்."

பாங்கு சொன்னது. அவள் பேரீச்சம்பழத்தைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

சகோதரர்களே, ஒபரேஷன் கட்டிலிலிருந்து அன்றுவரை நான் கேட்ட துஆக்களுக்கெல்லாம் அந்த இடத்தில்தான் பதில் வந்தது. அது என்னைத் தூக்கி அடித்தது. வோக்கரை எடுத்துக்கொண்டு எழும்பினேன். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். பாயில், கஞ்சிக் கோப்பையைச் சுற்றிலும் குளிசைகள் கொட்டுண்டன.

"நான் நோன்பு, பௌசியா" என்றேன். "பன்னிரண்டும் பிடிச்சன். உன்ட சோத்தையெல்லாம் வெளியில கொட்டினன்."

அவள் குளிசைகளைப் பார்த்தாள். பிறகு யன்னல் பக்கம் பார்த்தாள்.

"அப்ப நான் ஆக்கினது அந்தக் கழுதைக்கா?"

அவள் கேட்டது சிரிப்பு வருகிற கேள்விதான். அவள் சிரிக்கவில்லை. குளிசைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கோப்பையில் போட்டாள். எனக்குக் கதிரையை இழுத்து வைத்தாள். நானும் இன்னும் நோன்பு திறக்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது போலிருக்கிறது, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு ஒபரேஷன் செஞ்ச வருஷம் ஞாபகம் இரிக்கா உங்களுக்கு?"

இருந்தது. கேட்ட அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது, ஆனால் முழுவதும் வந்தது.

இருபது வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று கிழமையில் ரமழான் வந்தது. ஒரு வருடம் விடட்டுமா என்று என்னிடம் கேட்டாள். விடாதே என்று நான் சொல்லவில்லை. என் மூத்த சகோதரி, ராத்தா, பக்கத்தில் இருக்கும்போது, "எங்கட வீட்டில நோன்ப விட்ட ஆள் இல்ல. உன்ட விருப்பம்" என்றேன். அவள் பிடித்தாள். எட்டாம் நோன்பன்று கிணற்றடியில் வாளி இழுக்கும்போது விழுந்தாள். தையல் சீழ் பிடித்து, திரும்பவும் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்தாள். நான் கடையில் இருந்துகொண்டு, "என்ட வீட்டுக்காரி ஒபரேஷன் காயத்தோட நோன்பு பிடிச்சவ" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெருமை பேசினேன். விட்ட நோன்புகளைப் பிறகு அவள் தனியாகக் கழாப் பிடித்திருக்கிறாள். எந்த நாளில் பிடித்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

"அண்டைக்கு நீங்க ஒரு வாய் தண்ணி தந்து, குடி எண்டு சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டு இருந்தன்" என்றாள். "இண்டைக்கு நான் உங்களுக்குச் சோறு தந்து, தின்னுங்க எண்டு சொன்னன். அதையும் வெளியில கொட்டிட்டீங்க."

நான் மாப்புக் கேட்டேன். அழுதுகொண்டு கேட்டேன். அவள் உடனே தரவில்லை. "அல்லாஹ்ட்ட கேளுங்க. நான் இன்னும் யோசிக்கல்ல" என்று எழும்பித் தொழப் போய்விட்டாள். அவள் அப்படிச் சொன்னது நியாயம்தான்.

அன்று இரவு சோற்றைத் தின்று குளிசையைக் குடித்தேன். அடுத்த நாள் காலை, ரமழான் பதின்மூன்று. பௌசியா பாணையும் குளிசையையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் இருந்தாள். நோன்பாளிக்கு முன்னால் ஒவ்வொரு வாயாகத் தின்றேன். ஐம்பது வருடத்தில் ரமழான் பகலில் நான் தின்ற முதல் சாப்பாடு. மெல்லாமலே விழுங்கப் பார்த்தேன். "மெண்டு தின்னுங்க" என்றாள். அடுத்த இரண்டு நாளும் அவள் என்னோடு பேசியது அவ்வளவுதான், "மெண்டு தின்னுங்க", "குளிசை", "காலை நீட்டுங்க".

குளிசை குடித்து அரை மணித்தியாலம் பொறுத்து, குதிக்காலுக்குக் கீழே ஒரு ஷொப்பிங் பேக்கை விரித்து, அதில் வழுக்கிக்கொண்டு காலை இழுத்தேன். நோ இருந்தது. ஆனால் கடித்துக்கொண்டு தாங்கக்கூடிய நோ. பத்துத் தடவை இழுத்தேன். பிறகு கதிரை விளிம்பில் இருந்து, நல்ல காலால் வருத்தக் காலைப் பின்னுக்குத் தள்ளி மடக்குவது. பிறகு ஐஸ். பிறகு வோக்கரோடு முற்றம் வரை நடை. நாளுக்கு மூன்று தடவை இதே வேலை. முழங்காலுக்குக் கீழே இருந்த தலையணையை அவள் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

வெட்கம் வெளியிலும் காத்திருந்தது. பயிற்சி மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைத் திட்டவில்லை. "இப்ப சொன்னது நல்லம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலைப் பிடித்தது. எங்கள் பள்ளி மௌலவியைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னேன். அவர் என் மகனைவிடச் சின்னவர். "அல்லாஹ் இரக்கப்பட்டுத் தந்த சலுகைய வேணாமெண்டு திருப்பிக் குடுக்க நீங்க யார், நானா?" என்றார்.

ஒவ்வொரு நாளும் மஃரிபுக்கு முன்னால் என் கதிரையைப் பௌசியாவின் பாய்ப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். நான் நோன்பு இல்லை. எனக்குத் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் கையேந்தும்போது நான் ஆமீன் சொன்னேன். வாழ்க்கையில் நான் எப்போதும் முன்னால் நின்று கேட்டவன். இப்போது அவளுடைய துஆவின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். அவள் என் காலுக்காகக் கேட்டாள். நான் மனதுக்குள் அவளுடைய இடுப்புக்காகவும், அவளுடைய அந்த எட்டாம் நோன்புக்காகவும் கேட்டேன்.

கால் எழுபது பாகைக்கு வந்தது. பிறகு ஒரு கிழமை அசையவே இல்லை. இருபத்தைந்தாம் நோன்பளவில் மிஸ் அளந்தபோது எழுபத்தெட்டு. நான் தளர்ந்துபோனேன். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டால் அல்லாஹ் உடனே தந்துவிடுவான் என்று நினைத்திருந்தேன். தராவீஹ் தொழுகையின் ஓதல் பள்ளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்க, கதிரையில் இருந்து மடக்கிக்கொண்டே அழுதிருக்கிறேன். "இந்தக் கால் மடங்காவிட்டாலும் உன்னில் எனக்குக் குறை இல்லை, குறை என்னில்தான்" என்று ஒரு நாள் என் வாயால் வந்தது. அது நான் யோசித்துச் சொன்னது அல்ல.

பெருநாளுக்குப் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டில் கதிரையில் தொழுதேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த அந்தப் பெருமை வசனம் ஞாபகம் வந்து தனியாக இருந்து கூசினேன். இப்போது அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெருநாள் மாதமான ஷவ்வால் பிறந்து நாலாம் நாள் கிளினிக். டொக்டர் கோலை வைத்தார். மடக்கச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு மடக்கினேன். திரும்பவும் மடக்கச் சொன்னார்.

"தொண்ணூற்று நாலு" என்றார். "ஒண்டும் செய்யத் தேவையில்ல. இப்படியே தொடருங்க. என்ன செஞ்சீங்க?"

இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "என்ட மனைவி குடுத்த குளிசைய முதல்ல நான் குடிக்கல்ல, டொக்டர். அவவில பிழையில்ல. போனமுறை சொல்லாம இருந்தது என்ட பிழை" என்றேன். வெளியில் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பௌசியா நிமிர்ந்து பார்த்தாள். வானில் வரும்போது தான் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை எனக்குத் திறந்து தந்தாள்.

மகன் கட்டாரிலிருந்து போனில் கேட்டான், "வாப்பா, மடக்கினது குளிசையும் பயிற்சியும் தானே, இதில துஆ எங்க?" என்று. அவன் கேட்டதில் பிழை இல்லை. குளிசை முதல் நாளிலிருந்தே என் தலைமாட்டில் இருந்தது, மகனே. அதைக் குடிக்க விடாமல் என்னைப் பிடித்து வைத்திருந்தது எது என்று எனக்குத் தெரியும். அதை உடைக்க எந்த டொக்டராலும் முடிந்திருக்காது. ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் என்னை விழித்திருக்கச் செய்து, அவள் கேட்டதை என் காதில் போட்டவன் அல்லாஹ். அந்தக் கட்டிலில் இரண்டாம் முறை கிடத்தாதே என்று கேட்டேன். அவன் கிடத்தவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

கால் இன்றைக்கும் முழுசாக மடங்காது. ஸஜ்தாவுக்கு நெற்றி நிலத்தில் படாது, கதிரையில்தான் தொழுகிறேன். முதல் நாள் பள்ளியில் கடைசி ஓரத்தில் கதிரையைப் போட்டபோது, ஒரு காலத்தில் என் பார்வைக்குப் பயந்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவருக்கு ஸலாம் சொல்லி, "என்ன மன்னிச்சிக்கொள்ளுங்க" என்றேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

டொக்டர் சரி என்ற பிறகு, திங்களும் வியாழனுமாக விட்ட நோன்புகளைப் பிடிக்கத் தொடங்கினேன். பொய்யோடு பிடித்த அந்தப் பன்னிரண்டையும் சேர்த்தே பிடிக்கிறேன், என் மனது ஆறவேண்டும். அந்த நாட்களில் மத்தியானச் சமையல் என்னுடையது. நான் நோன்பு, பௌசியாவுக்கு ஆக்கிப் போடுகிறேன். முதல் நாள் சோறு குழைந்து களியாகிவிட்டது, ஆணத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். உப்புப் பார்க்காமல் ஆக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு எதிரில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அவள் ஒரு வாய் தின்று முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றாள்.

லுஹர் பாங்கு சொன்னது. கிழிந்த காதுக் கழுதை யன்னலடியில் வந்து நின்றது. நான் தும்புத்தடியைத் தேடினேன்.

"விடுங்க, பாவம்" என்றாள் பௌசியா. சட்டியில் அடிப்பிடித்திருந்த சோற்றை வழித்து யன்னலுக்கு வெளியே போட்டாள். கையைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "நான் யோசிச்சிட்டன். மாப்புத் தந்திட்டன்."

நோயோடு கிடக்கிற என் சகோதரர்களே, சகோதரிகளே. அல்லாஹ்விடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள், அவன் செவியுறுகிறான். ஆனால் கையேந்துவதற்கு முன்னால், உங்களுக்காக வீட்டில் ஒருவர் சோறு ஆக்கி வைத்திருந்தால், குளிசையை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றால், அதை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது அல்லாஹ்விடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நாளாக நான் அதை யன்னலால் கொட்டினேன்.